மழைக்குக் காத்திருக்காத யூரியா

ஐப்பசி கடைசி. மழை நின்று 12 நாள் ஆகியிருந்தது. இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைப் பக்கத்திலிருந்து சித்தப்பா போன் போட்டார். "நெல்லுப் பயிர் மஞ்சக் கொடுக்குதுப்பா. யூரியா மூட்டை வீட்லதான் கெடக்கு, வீசி விட்றவா?"

"எந்த இலை மஞ்சளா இருக்கு சித்தப்பா, மேல் இலையா அடி இலையா? காலையில பாத்தீங்களா, உச்சி வெயில்ல பாத்தீங்களா?"

"இலையப் பாக்குறதுக்கும் ஒரம் போடுறதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

சம்பந்தம் இருக்கிறது. போனில் சொல்லி முடியாத அளவுக்கு இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நெல் விளைகிறது. பெரும்பகுதி மானாவாரி. ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது புழுதியில் விதைத்துவிடுவார்கள். விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் முளைக்கும். கண்மாயில் தண்ணீர் ஏறினால் பின்பருவத்துக்கு உதவும். ஏறாவிட்டால் வானம்தான் கதி. நாற்று நட்டு, மடை திறந்து, உரம் வீசும் காவிரிப் பாசனக் கணக்கு இங்கே செல்லாது. ஆனால் உரம் போடும் பழக்கம் மட்டும் அந்தக் கணக்கிலிருந்தே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

யூரியா கொடுக்கும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், பயிருக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். இலையில் இருக்கும் தழைச்சத்தில் பெரும்பங்கு, சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்யும் பசுங்கணிகங்களில்தான் இருக்கிறது. நெல்லிலையில் ஏறக்குறைய கால் பங்கு ஒரே ஒரு புரதத்துக்குள் போய்விடும். காற்றிலிருக்கும் கரியமில வாயுவைப் பிடித்துச் சர்க்கரைக்குள் கட்டுகிற புரதம் அது. இலைத்துளை திறந்தால் கரியமில வாயு உள்ளே வரும், நீராவி வெளியே போகும். துளை திறந்திருக்கும் அதே நேரத்தில் தழைச்சத்துள்ள இலை கூடுதல் கரியைப் பிடித்துக்கொள்ளும். ஒற்றை இலையை மட்டும் எடுத்துக்கொண்டால் தழைச்சத்து தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்க வைக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் தழைச்சத்து கிடைத்த பயிர் ஒற்றை இலையோடு நிற்பதில்லை. தூர் கூடும், இலை அகலும், வயல் சீக்கிரம் மூடிக்கொள்ளும். நன்றாக மூடிய நெல்வயல் நாளொன்றுக்கு 4, 5 மில்லிமீட்டர் அளவுக்கு நீரை இழக்கும். கேட்கச் சின்ன எண்ணாக இருக்கும். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் 4,000 லிட்டர். அப்படியானால் ஒரு நாளைக்கு 16,000 முதல் 20,000 லிட்டர் வரை. மடை இருக்கும் வயலில் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. மடை இல்லாத வயலில் மண்ணுக்குள் சேமித்து வைத்திருக்கும் ஈரம்தான் முழுச் சேமிப்பு. முதல் 40 நாளில் தழைச்சத்தை அள்ளிக் கொடுத்து வளர்த்த பயிர், அடுத்த 40 நாளுக்கான தண்ணீரையும் சேர்த்துக் குடித்துவிட்டு நிற்கும். ஆஸ்திரேலியாவில் கோதுமை விவசாயிகளும் இதையே அனுபவித்திருக்கிறார்கள். முன்பருவத்தில் செழித்த பயிர் கடைசியில் வைக்கோலாகவே நின்றுவிடுவதற்கு அங்கே தனிப் பெயரே உண்டு. நம்மூரில் அதைச் சாவி என்போம்.

வேரின் கதை இதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அதைப் பேசுவதில்லை. 30 நாள் பயிரில், யூரியா தாராளமாக விழுந்த இடத்தில் ஒரு தூரையும், வரப்போரமாக உரம் விழாமல் வெளிறி நிற்கும் இடத்தில் ஒரு தூரையும் மண்வெட்டியால் ஆழமாக வெட்டி, மண்ணோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். முதலாவது கை நிறைய இருக்கும். ஆனால் அந்தத் தழைக்கு ஏற்ற வேர் கீழே இருக்காது. இரண்டாவது மேலே சோனியாகத் தெரிந்தாலும், அதன் உடம்புக்கு வேர் அதிகம். வேர்கள் நீண்டும் ஓடியிருக்கும். சத்து மேலேயே கிடைத்தால் பயிர் தன் வருமானத்தை இலையில் போடும். கிடைக்காவிட்டால் தேடிப்போக வேரில் போடும். நெல்லுக்கு வேர் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே கிடப்பது வழக்கம். வறட்சியில் முதலில் காய்வதும் அந்த மேல்மண்தான்.

அப்படியானால் தழைச்சத்தே கொடுக்காமல் விட்டால் பயிர் தப்பிக்குமா? தப்பிக்காது. பட்டினி போட்ட பயிருக்கு ஆழமாக வேர் விடுவதற்கும் சர்க்கரை வேண்டுமே. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் இதைப் பற்றி ஒரு தெளிவான முடிவை வெளியிட்டார்கள். மிதமான வறட்சியில் சில நெல் வகைகள் கிளைவேர்களைப் பெருக்கித் தங்களை மாற்றிக்கொள்கின்றன. தழைச்சத்து கொடுத்தபோது அந்த மாற்றம் இன்னும் கூடியது. தண்ணீரை எடுக்கும் திறனும் கூடியது. இதில் மிதமான என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். மண் கொஞ்சம் உலர்ந்து, ஆனால் வேர் இன்னும் உயிரோடு நகரும் நிலையில் தழைச்சத்து துணையாக நிற்கிறது. மண் இறுகி வெடிப்பு விட்ட பிறகு அதே தழைச்சத்து சுமையாகிவிடுகிறது. உரக்கடையில் இதைப் பிரித்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி மண்ணுக்குள் போவோம். இங்கேதான் யூரியாவின் குணம் தெரியும்.

தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் மண்ணுக்குள் காற்று புகாது. அங்கே யூரியா அம்மோனியமாக மாறி, களிமண் துகள்களில் ஒட்டிக்கொண்டு அங்கேயே இருக்கும். நெல்லுக்கு அம்மோனியம் பிடிக்கும். தண்ணீர் வற்றி மண்ணில் காற்று நுழைந்ததும் நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றத் தொடங்கும். நைட்ரேட் மண்ணில் ஒட்டாது. தண்ணீரோடு ஓடும், தண்ணீரோடு கீழே இறங்கும். அதற்குப் பிறகு ஒரு நாள் மழை கொட்டி வயல் மறுபடி நிரம்பினால், காற்றில்லாத அந்த மண்ணில் வேறு வகை நுண்ணுயிர்கள் நைட்ரேட்டை உடைத்து வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். காய்வது, நனைவது, மறுபடி காய்வது என்ற மானாவாரி வயலின் இயல்பே தழைச்சத்தைத் தொலைக்கும் இயல்புதான். பாசன வயலிலேயே போடும் தழைச்சத்தில் பாதிகூடப் பயிருக்குப் போய்ச் சேருவதில்லை. இங்கே இழப்பு இன்னும் கூடும்.

காய்ந்த மண்ணின் மேல் வீசிய யூரியா என்ன ஆகும்? மழை வரும்வரை குருணையாக அப்படியே கிடக்கும் என்றுதான் நிறையப் பேர் நம்புகிறார்கள். கிடப்பதில்லை. அதிகாலைப் பனி போதும் அது கரைய. கரைந்ததும் மண்ணில் இருக்கும் நொதி அதை உடைக்கும். கீழே இழுத்துச் செல்லத் தண்ணீர் இல்லாததால், உருவான அம்மோனியா வெயிலில் ஆவியாகப் போய்விடும். 2015 முதல் உள்நாட்டில் தயாராகும் யூரியா முழுவதும் வேம்புப் பூச்சோடு வருகிறது. அது நைட்ரேட்டாக மாறும் வேகத்தைக் குறைக்கும், அது நல்ல விஷயம். ஆனால் காய்ந்த மண்ணின் மேற்பரப்பிலிருந்து அம்மோனியா கிளம்பிப் போவதைத் தடுக்க அந்தப் பூச்சை நம்ப முடியாது. சரி, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கியதாகவே வைத்துக்கொள்வோம். சத்து வேரிடம் போய்ச் சேருவது தண்ணீர் வழியாகத்தான். ஈரம் அறுந்த மண்ணில் சத்தும் நகராது. பக்கத்தில் சோறு இருந்தும் கை எட்டாத நிலை அது. போதாததற்கு, தாகத்தில் இருக்கும் பயிரில் நைட்ரேட்டைப் புரதமாக மாற்றும் நொதியின் வேலையும் சுணங்கிப் போகும்.

ஆட்டுக்கிடையை இங்கே நினைவுபடுத்தாமல் இருக்க முடியவில்லை. கோடையில் ஆடு மேய்க்கும் கீதாரிகள் மந்தையோடு வந்து இரவில் வயலில் பட்டி அடைப்பார்கள். வயல்காரர் அதற்குக் கூலியோ நெல்லோ கொடுப்பார். பழங்காலத்து வழக்கம் என்று பலர் இதை விட்டுவிட்டார்கள். ஆனால் மானாவாரி நெல்லுக்கு இதைவிடப் பொருத்தமான தழைச்சத்து ஏற்பாடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. புழுக்கையில் இருக்கும் தழைச்சத்தின் பெரும்பகுதி கரிமப் பொருளுக்குள் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறப்பது நுண்ணுயிர்கள். மண் நனைந்தால் அவை வேலை செய்யும், காய்ந்தால் நிறுத்திவிடும். பயிருக்கு எப்போது தண்ணீர் கிடைக்கிறதோ அப்போதுதான் அந்தச் சத்தும் வெளிவருகிறது. பயிர் தாகத்தில் இருக்கும்போது அதுவும் மூடிக்கொள்கிறது. வெயிலில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழுந்ததும் தழைச்சத்து ஒரு வீச்சாக வெளிவரும் என்பதும் மண்ணியலில் நன்றாக அறியப்பட்ட செய்தி. புழுதியில் விதைத்த நெல், முதல் மழையில் கருகருவென்று கிளம்புவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் போடும் யூரியாவால் பயிரைவிடக் களைதான் கொழுக்கும்.

பயிர் எந்தப் பருவத்தில் இருக்கும்போது வறட்சி வருகிறது என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். தூர் கட்டும் பருவத்தில் காய்ந்தால் பெரிய மோசமில்லை. மழை வந்ததும் பயிர் மீளும். அப்படி மீளும்போது ஈரத்தின் மேல் கொடுக்கும் அளவான தழைச்சத்து புதுத் தூரைக் கிளப்பிவிடும்; அங்கே யூரியா உண்மையிலேயே மருந்து. சூல் பிடித்ததிலிருந்து பூக்கும்வரை உள்ள மூன்று வாரம் அப்படியில்லை. மகரந்தம் உருவாகும் நாட்களில் ஈரம் அறுந்தால் மகரந்தம் மலடாகும். கதிரைத் தள்ளிவிடும் காம்பு நீளாமல், கதிர் பாதி உறைக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். உள்ளே மாட்டிய மணிகள் திறக்கவே திறக்காது. இந்த நேரத்தில் தழைச்சத்து மிகுந்த பயிர் இரண்டு வகையில் அடி வாங்கும். கதிருக்கு நிறைய மணிகளை ஒப்புக்கொண்டிருக்கும். அத்தனைக்கும் பால் கட்ட வேண்டும். அகன்ற இலைக்கூட்டம் மிச்ச ஈரத்தையும் வேகமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். கடைசியில் களத்தில் தூற்றும்போது பாதி காற்றோடு பறக்கும். கருக்காய்.

2016-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரி 10 அன்று மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. அந்த அளவு வறட்சியில் உரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் நெல் வந்திருக்காது. ஆனால் போட்ட மூட்டைக்கான கடன் மட்டும் நின்றது. அந்த மாதிரி ஆண்டுகள் எப்போதாவதுதான் வரும். அடிக்கடி வருவது, நடுவில் 15 நாள், 20 நாள் மழை விட்டுப்போகும் ஆண்டுகள். தழைச்சத்தைக் கையாளும் விதம் விளைச்சலை மாற்றுவது இந்த நடுத்தர ஆண்டுகளில்தான்.

இதற்கு நேர் எதிராகத் தோன்றும் ஒரு செய்தி சீனாவிலிருந்து உண்டு. யாங்சோவ் பல்கலைக்கழகத்தில் யாங் ஜியான்சாங், ஹாங்காங்கைச் சேர்ந்த ஜாங் ஜியான்ஹுவா இருவரும் மணி முற்றும் பருவத்தை வைத்து விரிவாக ஆய்வு செய்தார்கள். அளவுக்கு மீறித் தழைச்சத்து கொடுத்த நெல், அறுவடை நெருங்கியும் பச்சையாகவே நிற்கும். தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கதிருக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டே இருக்கும். பூத்து முடிந்த பிறகு அந்த வயலை மிதமாக உலரவிட்டபோது பயிர் சட்டென்று முதிர்ந்து, தண்டிலிருந்ததை மணிக்கு அனுப்பியது. கூடுதல் உரமிட்ட வயலில் அந்த உலர்ச்சி மணிக்கு எடையைச் சேர்த்தது. அளவான உரமிட்ட வயலில் அதே உலர்ச்சி நஷ்டமாக முடிந்தது. ஆகவே வறட்சி, தழைச்சத்து இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லிவிட முடியாது. ஆனால் அவர்கள் மடையை மூடி, எந்த நாளில் எவ்வளவு உலர்த்துவது என்று தீர்மானித்தார்கள். திருவாடானையில் அதைத் தீர்மானிக்கிற மடை நம் கையில் இல்லை.

சித்தப்பாவின் மஞ்சள் இலைக்கு வருகிறேன். தழைச்சத்துக் குறைவில் முதலில் மஞ்சளாவது அடி இலை. பயிர் பழைய இலையிலிருந்து சத்தைப் பிடுங்கிப் புது இலைக்குக் கொடுப்பதால் மஞ்சள் கீழிருந்து மேலே ஏறும். குருத்து இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. தண்ணீர் கட்டாத புழுதி நெல்லில் அது சகஜம். யூரியாவை எவ்வளவு கொட்டினாலும் அது போகாது. அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளிக்க வேண்டும். வறட்சியின் அடையாளமோ இலை சுருள்வது. மத்தியானம் சுருண்டு சாயங்காலம் விரிந்துவிட்டால் பயிர் சமாளித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விடியற்காலை ஆறு மணிக்கும் இலை சுருண்டபடி நின்றால் மண்ணில் எடுக்கத் தண்ணீர் இல்லை. அந்த வயலில் யூரியா மூட்டையைப் பிரிக்கவே கூடாது.

தழைச்சத்து கூடிய இலைக்குக் குலை நோயும் சீக்கிரம் வரும். வறட்சியில் தளர்ந்த பயிரை அந்த நோய் இன்னும் எளிதாகப் பிடிக்கும். கார்த்திகை, மார்கழிப் பனி இரவுகளில் இரண்டும் சேர்ந்தால் இலையில் கண் வடிவப் புள்ளிகள் விழுவதைப் பார்க்கலாம்.

எவ்வளவு போடுவது என்ற கணக்கு பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். புழுதியில் விதைக்கும் மானாவாரி நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் பொதுப் பரிந்துரை ஹெக்டேருக்கு 50 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் சுமார் 20 கிலோ 700 கிராம். அப்படியானால் ஏக்கருக்கு ஒரே ஒரு மூட்டை. அதையும் ஒரே தடவையில் இல்லை: முளைத்த 20, 25 நாளில் அரை மூட்டை, 40, 45 நாளில் அரை மூட்டை. தூர் கட்டும் பருவத்திலிருந்து மழை தாராளமாக இருந்தால்தான் 60 நாளுக்குமேல் மூன்றாவதாக ஒரு அரை மூட்டை சேர்த்துக்கொள்ளலாம். பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 150 கிலோ, ஏக்கருக்கு மூன்று மூட்டை என்ற கணக்கை அப்படியே இங்கே கொண்டுவருவதுதான் தவறு. மானியத்தில் மூட்டை மலிவாகக் கிடைப்பதும் அந்தத் தவறை எளிதாக்கிவிடுகிறது.

இந்த நாள் கணக்கில்கூட நாளைவிட ஈரத்துக்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. 42-ஆம் நாள் வந்துவிட்டது என்பதற்காகக் காய்ந்த வயலில் போடுவதைவிட, 50-ஆம் நாள் மழை பெய்து, தண்ணீர் வடிந்து, கால் வைத்தால் சேறு ஒட்டும் பதத்தில் போடுவது எவ்வளவோ மேல். வானிலை அறிக்கையைப் பார்த்து மழைக்கு முந்திய நாள் வீசுவது சூதாட்டம். மழை வராவிட்டால் ஆவியாகும், கொட்டித் தீர்த்தால் வரப்பு வழியாகக் கண்மாய்க்குப் போகும். யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் 5:4:1 என்ற அளவில் கலந்து ஒரு இரவு வைத்திருந்து மறுநாள் போடும் பழைய முறை இந்த மண்ணுக்கு இன்றும் பொருந்தும்.

மழை வரும்வரை கை கட்டி நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. வறட்சி நீளும்போது ஒரு விழுக்காடு பொட்டாஷ் கரைசலை இலையில் தெளிக்கலாம். இலைத்துளையைத் திறந்து மூடும் வேலைக்கு முக்கியமான தாது பொட்டாஷ்தான். அது குறைந்த பயிர் தண்ணீரைக் கட்டுப்பாடில்லாமல் விடும். விதைக்கும் முன்பே அதே ஒரு விழுக்காடு பொட்டாஷ் கரைசலில் விதையை 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்திக் கடினப்படுத்துவது செலவில்லாத காப்பு. ரகமும் உதவும். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009-இல் வந்த அண்ணா (ஆர்) 4, நூறு நாளுக்குச் சற்றே மேலான வயதுடையது. மழை முடிவதற்குள் கதிரை முடித்துக்கொள்ளும். நீண்ட வயதுடைய ரகத்தை விதைத்துவிட்டு அதன் பசுமையை யூரியாவால் இழுத்துப் பிடிப்பது, மழை போன பிறகும் பயிரை வயலில் நிறுத்தி வைப்பதாகும்.

அன்று சித்தப்பா மறுநாள் விடியலில் வயலுக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். மஞ்சள் அடி இலையில்தான் இருந்தது, பசிதான். ஆனால் இலைகள் விடிந்தும் விரியவில்லை. "போடாதீங்க சித்தப்பா, ஒரு உழவு மழை பேயட்டும்" என்றேன். எட்டு நாள் கழித்துப் பெய்தது. மறுநாளைக்கு மறுநாள் அரை மூட்டை மட்டும் வீசினார். மிச்ச அரை மூட்டையின் வாயைச் சணலால் இறுக்கிக் கட்டி, பாலித்தீன் பையில் சுற்றி, பரணில் ஏற்றி வைத்திருக்கிறார். தை மாதம் கண்மாயில் தண்ணீர் நின்றால் பருத்திக்கு ஆகும் என்கிறார்.